குன்னூர் மழையும் என் ஏழு லென்ஸும்

போன ஐப்பசியில் தொடர்ந்து எட்டு நாள் வெயில் முகமே பார்க்கவில்லை. கூடலூர் பக்கம் ஆனி, ஆடியிலேயே கொட்டித் தீர்த்துவிடும். குன்னூர், கோத்தகிரிக்காரர்களுக்கு ஐப்பசியும் கார்த்திகையும்தான் அசல் மழைக்காலம். கொடியில் போட்ட துண்டு மூன்றாம் நாளும் ஈரவாடை அடித்துக்கொண்டிருந்தது. ஒரு எஸ்டேட்டுக்குத் தேயிலைக் கொழுந்தை ரொம்ப நெருக்கத்தில் எடுத்துத் தர வேண்டிய வேலை வந்ததால், அலமாரி அடித்தட்டிலிருந்து 90 எம்எம் மேக்ரோ லென்ஸை எடுத்தேன். அதைக் கடைசியாகத் தொட்டது பங்குனியில்.

இரண்டு பக்க மூடியையும் கழற்றி, வெளிச்சம் நுழையும் துளையான அபெர்ச்சரை முழுதாகத் திறந்து, செல்போன் டார்ச்சைச் சாய்வாக அடித்துப் பார்த்தேன். உள்ளே, முன்னாலிருந்து இரண்டாவது கண்ணாடியின் ஓரத்தில், ஒரு சிலந்தி பாதி வலை பின்னிவிட்டுப் போனதுபோல வெள்ளை நூலிழைகள். ஒரு இழை நடுவை நோக்கி ஓடி, அங்கிருந்து நாலைந்தாகக் கிளைத்திருந்தது. ஊதிப் பார்த்தேன். துணியால் துடைத்தேன். அது கண்ணாடிக்கு உள்பக்கம் இருந்தது, எங்கே போகும்? பூஞ்சை பிடித்துவிட்டது.

அன்று ராத்திரி கட்டில்மேல் ஒரு துண்டை விரித்து ஏழு லென்ஸையும் வரிசையாக வைத்து ஒவ்வொன்றாக டார்ச் அடித்தேன். லென்ஸின் பெயரே அதன் எம்எம் எண்தான்: எண் சின்னதென்றால் பரந்த காட்சி அடங்கும், பெரிதென்றால் தூரத்தில் இருப்பது பெரிதாக விழும். 10-20 வைட் லென்ஸில் ஓரத்தில் ஒரு புள்ளி ஆரம்பித்திருந்தது. 50 எம்எம்மில் மெல்லிய ஆவிப்படலம். 150-600-இன் பின்கண்ணாடியில் சந்தேகப்படும்படி ஒரு மங்கல். வாரா வாரம் வெளியே போய்வந்த 17-50, 35, 70-300 மூன்றும் மட்டும் பளிங்காக இருந்தன. ஏழும் இருந்தது ஒரே அலமாரி, ஒரே ஈரம். கையில் புழங்கியது பிழைத்தது, தூங்கியது கெட்டது. எத்தனை லென்ஸ் வேண்டும் என்று பல வருஷமாகப் பலரிடம் கேட்டுக் குழம்பிய எனக்கு அந்தக் கட்டில்மேல் பதில் கிடைத்தது.

எங்கள் வீட்டில் லென்ஸ் என்பது ஒருகாலத்தில் எண்ணிக்கையே இல்லாத விஷயம். அப்பா ஊட்டியில் இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் ஆலையில் வேலை பார்த்தவர். 1960-இல் தொடங்கிய நிறுவனம் அது. 1967-லிருந்து ‘இந்து’ என்ற பெயரில் பிலிம் தயாரித்தார்கள். அந்தப் பெயரிலேயே அங்கே இந்து நகர் என்று ஓர் ஊர் இருக்கிறது. பிலிமில் மருந்து பூசும் வேலை கும்மிருட்டில்தான் நடக்கும். கைப்பழக்கத்திலேயே எல்லாம் தெரிய வேண்டும் என்பார் அப்பா. லீவு நாளில் கல்யாணங்களுக்குப் படம் எடுப்பார். கையில் ஒரு யாஷிகா மேட் 124ஜி. மேலிருந்து குனிந்து பார்க்கும் இரட்டைக் கண் கேமரா. படம் எடுக்கும் லென்ஸ் 80 எம்எம், கழற்றவே முடியாது. ஒரு ரோலுக்கு 12 படம். மூன்று ரோலில் ஒரு கல்யாணத்தை முடித்துவிடுவார். தாலி கட்டும் நேரத்துக்கு எந்த லென்ஸைப் போடுவது என்ற யோசனையே அவருக்கு வந்ததில்லை. எங்கே நிற்பது என்றுதான் முதல்நாளே மணவறையைச் சுற்றிச் சுற்றி வருவார்.

நான் டிஜிட்டலுக்கு வந்த பிறகு அந்த யோசனை முழுவதும் லென்ஸ் பக்கம் திரும்பிவிட்டது. ஒரு படம் சரியாக வராவிட்டால் உடனே, ‘இதற்கென்று ஒரு லென்ஸ் இருக்குமே’ என்று தோன்றும். குருவி சின்னதாக விழுந்தால் 150-600. டால்பின் நோஸ் பாறை முழுவதும் அடங்கவில்லையென்றால் 10-20. ஒருவர் 50 எம்எம்மில் எடுத்த முகங்களைப் பார்த்ததும் அதுவும் வந்தது. ஆறு வருஷத்தில் ஏழு சேர்ந்துவிட்டன. எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டால் நாலரைக் கிலோ, கேமரா தனி. அந்தப் பையோடு லேம்ஸ் ராக் ஏறி இறங்கிய நாட்களில் எடுத்த படங்களைவிட முதுகுவலிதான் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

மறுநாள் காலை கம்ப்யூட்டரில் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். இதை எல்லாரும் செய்து பார்க்க வேண்டும் என்று மனதாரச் சொல்கிறேன். டிஜிட்டல் படம் ஒவ்வொன்றுக்குள்ளும் அது எந்த லென்ஸில், எத்தனை எம்எம்மில், என்ன அபெர்ச்சரில் எடுத்தது என்ற விவரம் பதிவாகியிருக்கும். படங்களை அடுக்கும் மென்பொருள் எதிலும் லென்ஸ் வாரியாகப் பிரித்துப் பார்க்கலாம். மென்பொருள் இல்லாவிட்டால், கோப்பின்மேல் ரைட் கிளிக் செய்து விவரங்களைத் திறந்தால் போதும். ஒன்று மட்டும் கவனம்: எடுத்த படங்கள் எல்லாவற்றையும் எண்ணக்கூடாது. வாடிக்கையாளருக்குக் கொடுத்தவை, பிரிண்ட் போட்டவை, நாமே வைத்துக்கொள்ள விரும்பியவை ஆகியவற்றை மட்டும் எண்ண வேண்டும். குருவிக்குப் பின்னால் ஓடும் நாளில் ஆயிரம் கிளிக் விழும், மிஞ்சுவது நாலு. மொத்தத்தையும் எண்ணினால் கணக்கு பொய் சொல்லும்.

ஒரு வருஷத்துப் படங்களில் எனக்கு வந்த கணக்கு இது. பத்துப் படத்தில் ஆறு 17-50-இல் எடுத்தவை. அதிலும் பெரும்பகுதி 24-க்கும் 40-க்கும் நடுவில். இரண்டு 35-இல். ஒன்றரை 70-300-இல். மீதி நாலு லென்ஸும் சேர்ந்து அரைப் படம். அந்த நாலுக்குக் கொடுத்த பணம், இந்த மூன்றுக்குக் கொடுத்ததைப்போல இரண்டு மடங்குக்கு மேல். என் கேமராவில் படம் பதியும் சென்சார் சின்னது என்பதையும் சொல்லிவிட வேண்டும். அதில் எம்எம் கணக்கை ஒன்றரையால் பெருக்கினால்தான் பெரிய சென்சார் உள்ள ஃபுல் ஃப்ரேம் கேமராவோடு ஒப்பிட முடியும். என் 35, அங்கே ஏறக்குறைய 52. அதாவது மனிதர்கள் சாதாரணமாகக் கவனித்துப் பார்க்கும் அளவுக்குக் கிட்டத்தட்ட ஒத்துவரும் பார்வை.

கணக்கு எதைச் சொன்னது என்பதைவிட, ஏன் அப்படி வந்தது என்று யோசித்ததில்தான் எனக்கு அதிகம் புரிந்தது.

10-20-ஐ வாங்கியதே மலைகளுக்காக. மலைக்கு அதைப்போலத் துரோகம் செய்யும் லென்ஸ் வேறு இல்லை. எதிரே ஆகாயத்தை முட்டிக்கொண்டு நிற்கும் தொட்டபெட்டா, 2637 மீட்டர் உயரம், படத்தில் கரையான் புற்று அளவுக்குச் சுருங்கிப்போய்விடும். முன்னால் கிடக்கும் கைப்பிடிச் சுவர்தான் பெரிதாக விழும். வைட் லென்ஸ் பக்கத்தில் இருப்பதைத் தள்ளிப் பெரிதாக்கும், தூரத்தில் இருப்பதைப் பின்னால் தள்ளிவிடும் என்று சொல்கிறோம். உண்மையில் அது லென்ஸின் வேலை இல்லை, நாம் நிற்கும் தூரத்தின் வேலை.

கேத்தி பள்ளத்தாக்குப் பக்கம் ஒரு கல்யாணத்தில் இது எனக்கு உறைத்தது. பொண்ணும் மாப்பிள்ளையும் தேயிலை நடுவே நிற்கிறார்கள், பின்னால் மலை அடுக்கு. பொண்ணோட பெரியப்பா பக்கத்தில் வந்து, “தம்பி, எங்க மலை நல்லாப் பெரிசாத் தெரியணும். அதுக்குத்தான் மண்டபத்துல எடுக்காம இங்க கூட்டிட்டு வந்தோம்” என்றார். நான் வைட் லென்ஸோடு மூன்றடியில் நின்று எடுத்துக்கொண்டிருந்தேன். திரையில் காட்டினேன். அவர் முகம் வாடிவிட்டது. மலை எங்கே என்று தேட வேண்டியிருந்தது. பிறகு 70-300-ஐ மாட்டிக்கொண்டு எஸ்டேட் பாதையில் ஐம்பது அறுபது அடி பின்னால் போனேன். 200 எம்எம்மில் ஜோடி அதே அளவு. பின்னால் மலை எழுந்து வந்து அவர்கள் தோளுக்குமேல் நின்றது. ஜோடியிலிருந்து நான் விலக விலக, அவர்களுக்கும் மலைக்கும் உள்ள அளவு வித்தியாசம் குறைந்துகொண்டே வரும். அந்தத் தூரத்திலிருந்து ஜோடியைத் திரும்பப் பெரிதாக்கிக் கொடுப்பது மட்டும்தான் டெலி லென்ஸின் வேலை. மலைப்படம் என்றால் வைட் என்று சொல்லிக்கொடுப்பவர்களோடு நான் உடன்படமாட்டேன். நீலகிரியில் எனக்குப் பிடித்த மலைப்படங்களில் பாதிக்குமேல் 100-லிருந்து 250-க்குள் எடுத்தவை.

அப்பா எப்போதும் சொல்வது, “ரெண்டடி முன்னாடி போய்ப் பாரு, அப்புறம் சொல்லு.” சமவெளியில் அது முழுக்கச் சரி. ஆனால் இந்த ஊரில் இரண்டடி முன்னால் போனால் பள்ளம், இரண்டடி பின்னால் போனால் தேயிலைச் சரிவு. பல இடங்களில் நிற்பதற்கே ஒரு பாறை அளவுதான் இடம். அதனால்தான் ஜூம் இல்லாத ஒரே ஒரு ஃபிக்ஸட் லென்ஸோடு வாழ்ந்துவிடலாம் என்று சமவெளி நண்பர்கள் சொல்லும்போது என்னால் தலையாட்ட முடிவதில்லை. காலை நகர்த்த முடியாத இடத்தில் ஜூம் ஆடம்பரம் இல்லை. படத்துக்காகப் பாறை விளிம்புக்குப் போகாமல் இருக்க அது ஒரு பாதுகாப்பு.

காட்டுமாடு விஷயத்திலும் அப்படித்தான். குன்னூர், கோத்தகிரி தேயிலைத் தோட்டங்களில் அவை இப்போது சாயங்காலமானால் வீட்டு வாசல் வரைக்கும் வந்துவிடுகின்றன. பசுமாடு மேய்வதுபோல அமைதியாகத்தான் மேயும். அந்த அமைதியை நம்பி செல்போனோடு பத்தடியில் போய் நிற்கிறவர்களைப் பார்த்தால் எனக்கு வயிற்றைப் பிசையும். ஒரு டன் எடை வரைக்கும் வளரும் மிருகம் அது. தலையைத் தாழ்த்தி உஸ்ஸென்று மூச்சு விட்டபிறகு திரும்பி ஓட நேரம் இருக்காது. என் 70-300-ஐ நான் விற்காமல் வைத்திருப்பதற்கு முதல் காரணமே இதுதான். ரோட்டோரம், வண்டிக்குப் பக்கத்தில் நின்றே முகத்தை எடுக்க முடியும். காட்டு மிருகத்தைப் படம் எடுக்க ஆசைப்படுகிறவர்கள் வேறு எதை வாங்காவிட்டாலும் தள்ளி நிற்க வைக்கும் ஒரு லென்ஸை வாங்குங்கள். முடியாவிட்டால் மாடு சின்னதாகத் தெரியும் படத்தோடு வீட்டுக்குப் போங்கள்.

35 எம்எம்முக்கு வருவோம். என்னிடம் இருப்பதிலேயே விலை குறைந்தவற்றில் ஒன்று அது. எடை இருநூறு கிராம் சொச்சம். அதன் அருமையை எனக்குக் காட்டியவை ஹட்டி (படகர் ஊர்) வீடுகள். படகர் ஊர்களில் வீடுகள் தோளோடு தோள் ஒட்டி வரிசையாக இருக்கும். பழைய வீடுகளில் ஜன்னல் சின்னது, உள்ளே அரையிருட்டு. ஒரு வீட்டில் பாட்டியம்மா ஒருவர் வெள்ளை முண்டு கட்டி, அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பேத்திக்குத் தலைவாரிக்கொண்டிருந்தார். ஃபிளாஷ் போட்டால் அந்த ஜன்னல் வெளிச்சம் செத்துப்போகும். கேமராவோடு வந்த சாதாரண லென்ஸ் 55-க்கு இழுத்தால் எஃப் 5.6-க்குமேல் திறக்காது (எஃப் எண் சின்னதாக ஆக, அபெர்ச்சர் பெரிதாகும்). 35-ஐ எஃப் 1.8 வரை திறக்கலாம். இரண்டுக்கும் நடுவே வெளிச்சத்தில் கிட்டத்தட்ட பத்து மடங்கு வித்தியாசம். எஃப் 1.8-இல் அறுபதில் ஒரு நொடியில் முடியும் படத்துக்கு, எஃப் 5.6-இல் ஆறில் ஒரு நொடி ஆகும். ஆறில் ஒரு நொடிக்குள் பாட்டியின் கையில் சீப்பு ஒரு இழுப்பு இழுத்துவிடும். கையும் முடியும் கலங்கிப்போகும். அன்று ஐஎஸ்ஓ என்ற ஒளி உணர்திறனை 1600-இல் வைத்து எடுத்த அந்தப் படத்தில் சீப்பின் பல்லுக்கு நடுவே பேத்தியின் முடி ஒவ்வொன்றாகத் தெரிகிறது. அந்த வீட்டு முன்னறையில் இன்றைக்கும் மாட்டியிருக்கிறார்கள்.

50 எம்எம்மும் அதே எஃப் 1.8தான். வெளிச்சத்தில் குறையே இல்லை. ஆனால் என் கேமராவில் அது 75 ஆகிவிடும். ஹட்டி வீட்டுக்குள் முதுகு சுவரில் முட்டினாலும் முகமும் தோளும் தவிர அதிகம் அடங்காது. ஃபுல் ஃப்ரேம் கேமரா வைத்திருப்பவர்களுக்கு 50 மிக நல்ல லென்ஸ். பிறர் வாங்கச் சொன்ன எண்ணை நம் கேமராவின் சென்சாருக்கு மாற்றிப் பார்க்காமல் வாங்கினால் இப்படித்தான் ஆகும்.

நிறைய லென்ஸ் இருந்தால் எதையும் தவறவிடமாட்டோம் என்றுதான் எல்லாரும் நினைக்கிறோம். என் அனுபவம் நேர் எதிர். ரன்னிமேடு ஸ்டேஷனில் ஒருநாள் காலை, மேட்டுப்பாளையத்திலிருந்து வரும் மலை ரயிலுக்காகக் காத்திருந்தேன். நீராவி எஞ்சின் முன்னால் இழுக்காது. மேலே ஏறும்போது பின்னாலிருந்து தள்ளிக்கொண்டு வரும். ஒவ்வொரு பெட்டியின் முகப்பிலும் பிரேக்ஸ்மேன் ஒருவர் நிற்பார். முதல் பெட்டியில் பச்சைக் கொடியோடு நிற்பவரையும், வளைவில் கடைசியில் புகை கக்கும் எஞ்சினையும் ஒரே படத்தில் பிடிக்க வேண்டும் என்பது என் பல நாள் ஆசை. பற்சக்கரப் பாதையில் மணிக்கு 13 கிலோமீட்டருக்குமேல் போகாத வண்டி. நேரம் தாராளமாக இருந்தது. 70-300 மாட்டியிருந்தேன். தூரத்தில் ஊதல் கேட்டதும் வைட் வேண்டுமோ என்று 10-20-ஐ எடுத்தேன். மாட்டிப் பார்த்தால் எல்லாம் குட்டியாகத் தெரிந்தது. திரும்ப 17-50-க்காகப் பையைக் குடைந்தேன். கேமராவின் வாயைத் திறந்து வைத்திருந்த அந்தச் சில நொடியில் சாரல் உள்ளே அடித்துவிட்டது. நிமிர்ந்தபோது கொடிக்காரர் என்னைத் தாண்டிப் போய்விட்டார், வளைவு நேராகிவிட்டது. வீட்டுக்கு வந்து பார்த்தால் சென்சாரில் காய்ந்த துளியின் வட்டம். அது இருந்த ஒரு வாரம் எடுத்த எல்லாப் படத்திலும், வானத்தில் ஒரே இடத்தில், அந்தச் சாம்பல் வட்டம். கையில் இரண்டே லென்ஸ் இருந்திருந்தால் வண்டி வருவதற்கு முன்பே முடிவெடுத்திருப்பேன்.

இப்போது மஞ்சு இறங்கும் நேரத்திலும் சாரலிலும் வெளியே லென்ஸ் மாற்றுவதே இல்லை. வீட்டிலிருந்து கிளம்பும்போதே ஒன்றை மாட்டிவிடுவேன். அன்றைக்கு அதுதான். எது கிடைக்கவில்லை என்ற கவலை முதல் அரைமணிக்குத்தான் இருக்கும். அதற்குப்பிறகு கண் தானாகவே அந்த லென்ஸுக்கு ஏற்றபடி பார்க்க ஆரம்பித்துவிடும்.

மஞ்சைப் பற்றி இன்னொன்று. டால்பின் நோஸில் நின்று எதிரே கேத்தரின் அருவியை 150-600-இல் எடுக்க நான் செலவழித்த காலைகள் ஏராளம். வெறும் கண்ணுக்கே அருவி வெளிறித் தெரியும் நாளில், 600-இல் இழுத்தால் பெரிதாகிய வெளிறல்தான் கிடைக்கும். நமக்கும் அருவிக்கும் நடுவே இருக்கும் ஈரக்காற்று முழுவதையும் லென்ஸ் சேர்த்துத்தானே எடுக்கும். எத்தனை லட்சம் கொடுத்து வாங்கினாலும் மஞ்சைத் துளைக்கும் கண்ணாடி கிடையாது. அப்படிப்பட்ட நாளில் தூரத்தை விட்டுவிட்டுப் பக்கத்தில் பார்க்க வேண்டும். இடுப்பில் படுதா கட்டிக்கொண்டு கொழுந்து பறிக்கும் அக்காவின் கை, இலை நுனியில் தொங்கும் நீர், பனிக்குள் கரைந்துபோகும் சில்வர் ஓக் மரங்கள். ஈர இலைகளின் பளபளப்பு வெள்ளையாக எரிந்தால் ஒரு போலரைசர் ஃபில்டரை மாட்டித் திருப்பிப் பாருங்கள். பச்சை அப்படியே திரும்பி வரும். புது லென்ஸுக்குப் போகும் பணத்தில் சின்னப் பங்குதான் அதன் விலை. எனக்கு அது ஒரு லென்ஸுக்குச் சமம்.

மேக்ரோவை என்ன செய்தேன் என்றால், கோவையில் ஒரு சர்வீஸ் கடையில் பிரித்துத் துடைக்கக் கொடுத்தேன். நூலிழைகள் போய்விட்டன. ஆனால் பூஞ்சை சுரக்கும் அமிலம் கண்ணாடியின் கோட்டிங்கை ஏற்கெனவே அரித்திருந்தது. வெளிச்சத்துக்கு எதிராகப் பிடித்தால் அதே கிளை உருவம் நிழலாகத் தெரிந்தது. குறையைச் சொல்லியே பாதி விலைக்கும் குறைவாக விற்றேன். அதற்குப் பதில் 70-300-இன் முன்னால் திருகும் ஒரு குளோஸ்-அப் ஃபில்டர் வாங்கினேன், பிளஸ் 2 பவர். அதை மாட்டினால் அரை மீட்டரில் இருக்கும் பொருள் துல்லியமாக விழும். 300-க்கு இழுத்தால் நிஜ அளவில் பாதிக்குமேல் சென்சாரில் பதியும். ஓரங்கள் மேக்ரோ அளவுக்குக் கூர்மையாக இருக்காது, ஒத்துக்கொள்கிறேன். மார்கழி விடியலில் தலைக்குந்தாவில் உறைபனி படிந்த புல்லை அதில்தான் எடுத்தேன். அரை மீட்டர் தள்ளி இருப்பதால் என் மூச்சுக்காற்று பட்டுப் பனி உருகவில்லை. வருஷத்தில் பத்து நாள் நெருக்கப்படம் எடுக்கிறவனுக்கு இது போதும். பூச்சிகளையே தொழிலாக எடுப்பவர் மேக்ரோவை விடக்கூடாது. அவர் கணக்கு வேறு.

150-600-ஐ விற்கத்தான் முதலில் மனசு வரவில்லை. சோலைக்குள் நீலகிரி ஈப்பிடிப்பானின் நீலத்தை அதில் பார்த்தவர்களுக்குத் தெரியும். ஆனால் கணக்கில் அது வருஷத்துக்கு ஆறு நாள் வெளியே போயிருந்தது. ஆறு நாளுக்கு கோவையில் வாடகைக்கு எடுத்தால் ஆகும் செலவையும், அந்த லென்ஸ் வருஷாவருஷம் இழக்கும் மறுவிற்பனை விலையையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்த்தேன். வாடகைதான் மலிவு. அதையும் விற்றுவிட்டேன். மழை அலமாரியில் அதைத் தின்னும் பயமும் இல்லை. இப்போது பறவை வேலை வந்தால் முதல்நாள் பஸ் ஏறி எடுத்துவந்து, முடிந்ததும் கொண்டுபோய்க் கொடுத்துவிடுகிறேன். வாங்கும்போதே டார்ச் அடித்துப் பார்த்து, இருக்கும் கீறலைக் கடைக்காரர் கண்முன்னாலேயே செல்போனில் எடுத்துக்கொள்வேன். பழைய லென்ஸை விலைக்கு வாங்குகிறவர்களும் இந்த டார்ச் சோதனையைச் செய்யாமல் பணத்தைக் கொடுக்காதீர்கள்.

முதுமலை யானைகளைக் கறுப்பு வெள்ளையில் எடுத்த மா. கிருஷ்ணனை நினைத்துக்கொள்கிறேன். ஒரு கேமராவின் உடம்பையும் இன்னொன்றின் லென்ஸையும் தானே சேர்த்துக் கட்டிய கருவியை ‘சூப்பர் பாண்டரோசா’ என்று பெயர் வைத்துத் தூக்கிக்கொண்டு திரிந்தவர். அவருக்கு யானையின் குணம் தெரிந்திருந்தது. எங்கே நின்றால் எது வரும் என்று தெரிந்திருந்தது. கடையில் கிடைத்தது போதவில்லை என்றபோது, தேவை இன்னதென்று துல்லியமாகத் தெரிந்து தானே செய்துகொண்டார். அந்தத் துல்லியம் இல்லாமல்தான் நான் ஏழு வாங்கியிருந்தேன்.

மிஞ்சிய மூன்றைக் காப்பாற்றுவது தனி வேலை. லென்ஸோடு வரும் தோல் உறை, துணிப்பை எல்லாம் ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். அவற்றில் போட்டு வைக்காதீர்கள். காற்றுப்புகாத, சமையலறையில் மாவு போட்டு வைப்பதுபோன்ற பிளாஸ்டிக் டப்பா, உள்ளே சிலிகா ஜெல், கூடவே ஈரப்பதம் காட்டும் சின்ன மீட்டர். முள் 40-க்கும் 50 சதவீதத்துக்கும் நடுவே நின்றால் நிம்மதி. 60-ஐத் தாண்டி நாள்கணக்கில் நின்றால் பூஞ்சைக்குக் கொண்டாட்டம். ஆரஞ்சு நிற ஜெல் வாங்குங்கள், ஈரம் குடித்ததும் நிறம் மாறும், சூடுகாட்டித் திரும்பப் பயன்படுத்தலாம். நீல நிறத்தில் வருவதில் கோபால்ட் இருக்கும். அதை அடுப்படிப் பாத்திரத்தில் வைத்து வறுக்கவே கூடாது. அரிசிக்குள் போட்டு வைக்கச் சொல்வார்கள், கேட்காதீர்கள். அரிசித் தூசியே பூஞ்சைக்குச் சாப்பாடு. அப்பா காலத்தில் கேமரா அலமாரிக்குள் சின்ன குண்டு பல்பு ஒன்று ராப்பகலாக எரியும். உள்காற்று கொஞ்சம் வெதுவெதுப்பானால் ஈரப்பதம் தன்னால் இறங்கும் என்ற கணக்கு. அதுவும் வேலை செய்யும்.

உறைபனியில் எடுத்துவிட்டுக் கணப்பு மூட்டிய அறைக்குள் வந்தால் பையைத் திறக்கக்கூடாது. குளிர்ந்த கண்ணாடியில் ஆவி படிந்து உள்ளேயும் இறங்கும். மூடிய பையோடு ஒரு மணிநேரம் விட்டுவிட்டு, டீ குடித்துவிட்டு வந்து திறங்கள். எல்லாவற்றையும்விட முக்கியம், வாரம் ஒருமுறை எடுத்து, மூடியைக் கழற்றி, காற்றும் வெளிச்சமும் பட வைத்து, நாலு படமாவது எடுப்பது. மூன்று லென்ஸுக்கு அதைச் செய்ய முடிகிறது. ஏழுக்கு ஒருவாரம்கூட என்னால் முடிந்ததில்லை.

இந்தத் தை மாதம் வெலிங்டன் பக்கத்துப் பையன் ஒருவன் ஸ்டுடியோவுக்கு வந்தான். காலேஜ் முடித்து, முதல் கேமரா வாங்கிய சந்தோஷம். “அண்ணா, லோன் போடலாம்னு இருக்கேன். மொத்தமா நாலு லென்ஸ் வாங்கிட்டா தொழிலுக்குப் போதுமா?” என்று ஒரு பட்டியலை நீட்டினான். அதில் என் பழைய ஏழில் நாலு இருந்தன. நான் எதுவும் அறிவுரை சொல்லவில்லை. துண்டில் விரித்து டார்ச் அடித்த அந்த ராத்திரியில் எடுத்து வைத்த மேக்ரோவின் படத்தைக் காட்டினேன். கணக்கு எழுதிய தாளைக் காட்டினேன். “தம்பி, கேமராவோட வந்த லென்ஸோட கூட ஒரு 35 மட்டும் வாங்கு. ஒரு வருஷம் எடு. எந்த இடத்துல முடியாம திரும்பி வந்தேன்னு ஒரு நோட்டுல எழுது. ஒரே காரணம் பத்துத் தடவை வந்தா அப்ப வா, பேசலாம்” என்றேன். மூஞ்சி சுருங்கித்தான் போனான்.

போன வாரம் நோட்டோடு வந்தான். பதினேழு வரி எழுதியிருந்தான். ஆறு இடத்தில் ‘வெளிச்சம் பத்தல, காலையிலயே போயிருக்கணும்’. நாலு இடத்தில் ‘கேக்கத் தயங்கிட்டேன்’. ஏழு இடத்தில் ‘காட்டுமாடு, கிட்டப் போக பயம்’. அந்த ஏழைப் படித்ததும் டப்பாவிலிருந்து 70-300-ஐ எடுத்து ஒரு சிலிகா ஜெல் பொட்டலத்தோடு அவன் கையில் கொடுத்தேன். ஞாயிற்றுக்கிழமைக்குள் திருப்பித் தரவேண்டும், திங்கட்கிழமை எனக்குக் கோத்தகிரியில் கல்யாணம்.